ஜோடிக் கொம்பு

அந்த மார்கழியில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எங்கள் தோட்டத்துக் கடலைச்செடியை மான் மேய்ந்தது.
2. அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பரீட்சையில் எழுதுவதுபோல நான் பதில் சொன்னேன்.
3. மதினியும் நானும் கண்மாய்க் காட்டுக்குள் மான் கொம்பு பொறுக்கப் போக ஆரம்பித்தோம்.
4. ஆறாவதாகக் கிடைத்த கொம்பு, மான் தானாக உதிர்த்தது இல்லை.
5. நான் கம்பியைப் பார்த்தேன்.
6. அப்பாவிடம் பேசினேன். மதினியிடம் பேசவில்லை.
7. ஒரு விடியற்காலையில் கரண்டு போயிருந்தது.
8. கரண்டு வந்தது.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் மதினி, என் அண்ணனின் மனைவி, எட்டு மாதக் கைப்பிள்ளையின் தாய், காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். கம்பி இருப்பது எனக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் முடித்துவிட்டு, இன்டர்வியூ கார்டு வருமென்று வீட்டில் காத்திருந்தேன். திருச்சுழியிலிருந்து வீரசோழன் போகும் வழியில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. அண்ணன் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடையில் இருந்தார். சனிக்கிழமை பஸ்ஸுக்கு வந்து திங்கட்கிழமை காலையில் போய்விடுவார். வீட்டில் அப்பா, மதினி, பிள்ளை, நான்.

தோட்டத்துக்குக் கிழக்கே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் கண்மாய். இரண்டு வருடமாகத் தண்ணீர் நிற்காததால் கண்மாய் முழுக்க வேலிக்கருவை முள் அடைந்து, பகலிலும் உள்ளே ஆள் போனால் தெரியாது. மான்கள் எப்போது அங்கே குடியேறின என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் இரண்டு மூன்று நின்றன என்றார்கள். பிறகு கடலை பூத்த சமயத்தில், ஒரே இரவில் நான்கு பாத்தி மொட்டையாகிக் கிடந்தது.

அன்றைக்கு மத்தியானம் அப்பா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏத்தா, ஒரு கன்னுக்குட்டிக்குக் கரண்டு அடிச்சா செத்துருமா, ஒதறி விட்டுருமா?"

"அது மூணு விசயத்தப் பொறுத்ததுப்பா" என்றேன். மூன்று விரலை மடக்கி மூன்றையும் சொன்னேன். எவ்வளவு நேரம் பட்டது, எந்த வழியாக உடம்புக்குள் போனது, நிற்கிற மண் ஈரமா காய்ந்ததா. "பனி பேஞ்ச மண்ணுன்னா போயிரும்" என்று முடித்தேன். எதற்குக் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. படித்ததைச் சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷம்.

கொம்பு பொறுக்கப் போனது மதினியின் பால்கட்டால். பிள்ளை பிறந்ததிலிருந்தே அவருக்கு மார்பில் அடிக்கடி பால் கட்டிக்கொள்ளும். மான் கொம்பைக் கல்லில் உரைத்துப் பற்றுப் போட்டால் இறங்கும் என்பார்கள். வீட்டிலிருந்த துண்டு உரைத்து உரைத்துச் சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. மல்லாங்கிணற்றில் அவருடைய பிறந்த வீட்டில், நடை வாசலுக்கு மேலே இரண்டு கொம்பும் ஜோடியாகப் பதித்திருக்கும். அவுக அப்பா துண்டை அதில்தான் மாட்டுவார். தனக்கும் அப்படி ஒரு ஜோடி வேண்டும் என்று மதினி ஆசைப்பட்டார். கிடைப்பது லேசில்லை. மான் ஒரு கொம்பை ஓரிடத்தில் உதிர்த்தால் மற்றதை வேறெங்கோ, வேறொரு நாளில் உதிர்க்கும். இரண்டும் ஒருசேரக் கிடக்காது.

விடிந்தும் விடியாமலும் போவோம். ஆட்டுக்காரர்கள் வருவதற்கு முன் போனால்தான் கொம்பு எங்களுக்கு மிஞ்சும். நான் பழைய சேலைக் கரையைக் கிழித்து மரத்துக்கு மரம் கட்டி, கண்மாயைப் பட்டை பட்டையாகப் பிரித்தேன். பத்தடி இடைவெளியில் இருவரும் இணையாக நடக்க வேண்டும். ஒரு பட்டை முடிந்தபின் அடுத்தது. கிடைத்த கொம்புக்கு நோட்டில் எண், இடதா வலதா, எத்தனை கிளை, என்ன நிறம், எங்கே கிடந்தது.

"கொம்பு பொறுக்க வந்தோமா, ஓட்டர் லிஸ்ட் எடுக்க வந்தோமா?" என்பார் மதினி.

"ஒழுங்கு இல்லாமத் தேடுனா பாத்த எடத்தையே பாத்துக்கிட்டு இருக்கணும் மதினி."

"ஆமா, ஒழுங்கு. உன்னக் கட்டிக்கிட்டுப் போறவன் காலையில எந்திரிச்சதும் வரிசையில நின்னு கையெழுத்துப் போடணும்."

ஆனால் கண்டுபிடித்தது பெரும்பாலும் அவர்தான். கருவைக் காட்டில் எல்லாக் கிளையும் கொம்பு மாதிரித்தான் இருக்கும். உருவத்தைத் தேடாதே என்பார். பனியில் நனைந்த கிளை கறுத்துவிடும், கொம்பு கறுக்காது. குத்தவைத்து, ஆட்டின் கண் உயரத்தில் பார்த்தால், கறுப்புக்கு நடுவில் ஒன்று மட்டும் வெளுப்பாகத் தெரியும். முள்ளை ஒதுக்குவதற்கு முதல் நாள் கிடைத்த கொம்பையே கொக்கி போலப் பயன்படுத்தினோம். அதைச் சாக்கில் சுருட்டி நான் தூக்கிக்கொண்டு வருவேன்.

முதல் ஐந்தும் உதிர்ந்தவை. உதிர்ந்த கொம்பின் அடி உருண்டு, சொரசொரவென்று, தானாகக் கழன்ற பல்லின் வேர்ப்பக்கம் மாதிரி இருக்கும். ஆறாவது அப்படி இல்லை. அடியில் மண்டை எலும்பு ஒட்டிக்கொண்டிருந்தது. எலும்பில் இன்னும் தோலும் கொஞ்சம் முடியும் இருந்தன.

"நாய் கடிச்சிருக்கும்" என்றார் மதினி.

"எலும்போடு" என்று நோட்டில் எழுதினேன்.

மூன்று நாள் கழித்து ஏழும் எட்டும். அவையும் எலும்போடு. மூன்றும் ஓடைப் பக்கத்துப் பட்டையில். அங்கே வாடை இருந்தது. காக்கை இருந்தது. இராத்திரி நரி இழுத்துப் போட்ட தடம் மண்ணில் இருந்தது. முந்தின வாரம்வரை நாங்கள் நுழைந்ததும் எங்கேயாவது ஒரு மான் கத்தும், அதைக் கேட்டு மற்றவை ஓடும் சத்தம் வரும். இப்போது எதுவும் கத்தவில்லை. மதினியின் கொலுசு மட்டும்தான் பத்தடியில் கேட்டுக்கொண்டிருந்தது. மதினி கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத ஒரைச்சுப் பத்துப் போட வேணாம்" என்று கீழே வைத்துவிட்டார்.

அன்று பகலில் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனபோது ஓடைக்கரை வழியாகப் போனேன். முழங்கால் உயரத்தில் கருவைக் குச்சிகள் ஊன்றியிருந்தன. ஒவ்வொரு குச்சியிலும் சைக்கிள் ட்யூப் துண்டு சுற்றி, அதன்மேல் கம்பி. தோட்டத்தின் கிழக்கு விளிம்பு முழுக்க ஓடி, மோட்டார் ரூமின் பின்சுவரில் முடிந்தது. ட்யூப் எதற்கென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, கரண்டு குச்சி வழியாக மண்ணில் இறங்காமல் இருப்பதற்கு.

"ஓடைக்கரையில என்ன கம்பிப்பா?"

"வேலி."

"வேலிக்கு எதுக்கு சைக்கிள் ட்யூப்பு?"

அப்பா மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "படிச்ச பிள்ளைக்குத் தெரியாததா" என்றார்.

"ஆளு செத்துரும்ப்பா."

"நடுச்சாமத்துல எவன் அந்தக் கருவைக்குள்ள வாரான்? விடியுமுன்ன கழட்டிருதேன்."

"எத்தன மணிக்கு?"

"கோழி கூப்புடவும்."

"கோழிக்கு மணி தெரியாதுப்பா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். சிரித்த பிறகு சண்டை போட முடியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. நாலு பாத்தி போன அன்று அவர் வரப்பில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வனத்துறைக்குத் தெரிந்தால் கேஸாகும், அண்ணனுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகும் என்று நான் கணக்குப் போட்டேன். அன்று சாயங்காலம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, சோற்றுப் பருக்கையால் மோட்டார் ரூம் சுவரில் ஒட்டினேன்:

1. காலை ஐந்து மணிக்குள் கம்பியைக் கழற்ற வேண்டும்.
2. சுவிட்சை அணைத்தால் போதாது. போர்டிலிருந்தே கழற்ற வேண்டும்.
3. மழை தூறினால் மாட்டவே கூடாது.

அப்பா எழுத்துக்கூட்டிப் படித்து, "சரித்தா" என்றார். கையெழுத்து அழகாக இருந்தது. கழற்றி எறியச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் நேரம் குறித்துக் கொடுத்திருந்தேன்.

மதினியிடம், "சூரியன் மேலேறுற வரைக்கும் ஓடைப் பக்கம் வேணாம் மதினி. பாம்பு கெடக்கு" என்றேன்.

"மார்கழிப் பனியில பாம்பு எங்கடி வெளிய வரும்? அது பொந்துக்குள்ள சுருண்டு கெடக்கும்."

"நான் பாத்தேன்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காட்டுக்குப் போவதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக ஒரு ஏற்பாடு தானாக அமைந்தது. அப்பா தோட்டத்திலிருந்து திரும்பி வரும்போது வாசலில் ஒரு முறை செருமுவார். கம்பி கழற்றியாயிற்று என்று அர்த்தம். அதன்பின்தான் நான் சாக்கை எடுப்பேன். ஒன்பது நாள் இப்படிப் போனது. ஒவ்வொரு நாளும் காட்டுக்குள் நடக்கும்போது, இடது பக்கம் ஓடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டே நடந்தேன். ஒன்பதும் கிடைத்தது, பத்தும் கிடைத்தது. இரண்டும் உதிர்ந்தவை, ஆனால் வேறு வேறு மானுடையவை. மதினிக்கு ஜோடி அமையவில்லை.

பத்தாம் நாள் எழுந்தபோது வீட்டில் கரண்டு இல்லை. மதினி சிம்னி விளக்கை ஏற்றிப் பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்தார். அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணம். வெள்ளை வேட்டி கட்டி, முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் இருட்டோடு தோட்டத்துக்குப் போய்வந்தார். வாசலில் செருமினார். "கல்யாணத்துக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். வழக்கம்போல அடுத்த வீட்டு அக்காவைப் பிள்ளைக்குக் காவல் வைத்துவிட்டு நாங்கள் புறப்பட்டோம்.

கரண்டு போயிருக்கிறது என்று தெரிந்தும், அது திரும்ப வரும் என்று யோசித்திருக்க வேண்டியவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். செருமல் கேட்டுவிட்டது என்ற நிம்மதியில் நான் யோசிக்கவில்லை.

அன்று பனி புகையாக நின்றது. பத்தடியில் மதினி தெரியவில்லை. கொலுசு கேட்டது, பேச்சுக் கேட்டது. அவுக ஊரில் ஒரு மாப்பிள்ளை முதல் மறுவீட்டில் பணியாரத்தை எண்ணித் தின்ற கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். கதை பாதியில் நின்றது. முள்ளை ஒதுக்கப் பேச்சை நிறுத்தியிருப்பார் என்று நினைத்தேன். பட்டையின் கடைசிவரை போய், அடையாளத் துணியைத் தொட்டுத் திரும்பினேன். கொலுசும் கேட்கவில்லை.

"மதினி" என்று கூப்பிட்டேன்.

"ஏய், இங்க வா. ஜோடி" என்று குரல் வந்தது. ஓடைப் பக்கத்திலிருந்து.

நான் இரண்டு எட்டு வைத்திருப்பேன். கண்மாய்க்கு அந்தப் பக்கம், யாருடைய தோட்டத்திலோ, மோட்டார் தானாக ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. முதலில் ஒரு தட்டு, பிறகு உறுமல், பிறகு குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம். மதினியின் பக்கமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

அவர் ஓடைக்கரையில் குத்தவைத்திருந்தார். முன்னால் ஒரு பெரிய கிடா மான், கம்பிக்கு அடியில் கழுத்தை நீட்டிச் செத்துக் கிடந்தது. தலையில் இரண்டு கொம்பும், பக்கத்துக்கு மூன்று கிளையாக, எந்தச் சேதமும் இல்லாமல் இருந்தன. மதினியின் வலது கை ஒரு கொம்பில் இருந்தது. இடது கை கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தது. தீப்பொறி இல்லை, புகை இல்லை. அவர் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாய் இறுகியிருந்தது. கை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

பாடப் புத்தகத்தில் இதற்கும் ஒரு வரிசை உண்டு. மெயினை அணை. மெயின் தோட்டத்தின் மறுகோடியில். காய்ந்த கட்டையால் கம்பியை விலக்கு. கைக்கெட்டிய கட்டை எல்லாம் பனியில் சொட்டிக்கொண்டிருந்தது. பட்டவரைத் தொடாதே. தொடவில்லை. சாக்கை உதறி உள்ளே இருந்த கொம்பை எடுத்தேன். வீட்டில் அடுப்படியில் கிடந்து காய்ந்த கொம்பு. கையில் இருந்தது அதுதான். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கொம்பின் கவையில் கம்பியை மாட்டி, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்தேன். குச்சி பிடுங்கிக்கொண்டு வந்தது. கம்பி அவர் கையிலிருந்து தோலோடு கழன்றது. அவர் மான்மேல் விழுந்தார்.

மூச்சு இருந்தது. அது சீராக வரத் தொடங்கியதும் நான் எண்ணினேன், நிமிடத்துக்கு எத்தனை என்று. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் பேசினார்.

"கரண்டு இல்லைன்னு பாத்துட்டுத்தானே வந்தேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஒங்களுக்குத் தெரியுமா மதினி?"

"பாம்புக்கு யாராச்சும் நேரம் குறிப்பாகளாடி" என்றார். "ரெண்டு மூணு நாளா ஒரு கெடா மான் ஓடைப் பக்கம் வந்து நின்னுச்சு. தப்பாதுன்னு தெரியும். கரண்டு இல்லாத அன்னைக்கு எடுத்துருவோம்னு இருந்தேன்."

பால்வண்டி ஒன்றை நிறுத்தி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் கையை விரித்துப் பார்த்து, எப்படிப் பட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே மதினி சொன்னார்.

"மோட்டார் சுச்சுல ஈரக்கையோட தொட்டுட்டேன் டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"நாத்தனார். எலெக்ட்ரிகல் படிச்சிருக்கேன்."

"எலெக்ட்ரிகல் படிச்ச ஆளு வீட்டுலயேவா இப்படி?"

"ஆமா சார்" என்றேன்.

கல்யாண வீட்டில் யாரோ சொல்லி அப்பா வந்தார். வார்டு வாசலில், சந்தனம் காய்ந்த நெற்றியோடு, வெள்ளை வேட்டியோடு நின்றார். உள்ளே வரவில்லை. நான் வெளியே போனேன். அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கரண்டு இல்லையேத்தா." மோட்டார் ரூமுக்குப் போயிருக்கிறார். பல்பு எரியவில்லை. பின்சுவரில் இருக்கும் போர்டுக்குப் போக வேண்டுமென்றால் பனியில் நனைந்த கடலைச்செடிக்குள் இறங்கிப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். வேட்டி நனைந்துவிடும். கரண்டுதான் இல்லையே என்று திரும்பிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் 'கரண்டு இல்லை' என்பதை 'மழை இல்லை' என்பதுபோலச் சொல்வார்கள். இல்லை என்றால் இல்லை, அன்றைக்கு அவ்வளவுதான். அணைத்தது வேறு, போனது வேறு என்ற வித்தியாசத்தை நான் மூன்று வருடம் படித்தேன். அதை ஒரு வாக்கியத்தில் அவர்கள் இருவருக்கும் சொல்லியிருக்கலாம். சுவரில் ஒட்டிய தாளில் அந்த வாக்கியம் இல்லை.

அப்பா அன்று சாயங்காலமே கம்பியைச் சுருட்டிக் கிணற்றில் போட்டார். மானை ஓடைக்கரையில், கொம்போடு சேர்த்துப் புதைத்தார். வெட்டி எடுக்க அவர் கை வரவில்லை என்று பிறகு ஒரு நாள் மதினியிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மதினியின் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்குவதில்லை. பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடுவதை அண்ணன்தான் செய்கிறார், அவர் ஊரில் இருக்கும் நாட்களில். அண்ணனுக்கு இன்றுவரை மோட்டார் சுவிட்ச் என்றுதான் தெரியும். நான் ஒரு நூற்பாலையில் மின்பகுதியில் வேலை பார்க்கிறேன். அப்பா கடலை போடுவதை நிறுத்திவிட்டார், கொத்தமல்லி விதைக்கிறார். எங்கள் தோட்டத்தில் கம்பி கிடையாது. கண்மாய்க்குத் தெற்கே இரண்டு தோட்டங்களில் இந்த வருடம் கம்பி கட்டியிருக்கிறார்கள். போன வாரம் போய் எடுக்கச் சொன்னேன். இன்னும் எடுக்கவில்லை.